ஜெபக்கனி டீச்சர் தேர்ந்தெடுத்த இரவு

ஜெபக்கனி டீச்சர் காலமான செய்தி, பள்ளி வாட்ஸ்அப் குழுவில் காலாண்டுத் தேர்வு அட்டவணைக்குக் கீழே வந்திருந்தது. அட்டவணையில் பிழை தேடிக்கொண்டிருந்த நான், செய்தியை இரண்டு முறை படித்தேன். அவர் கணக்கு, நான் இயற்பியல். பதினாறு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறை. ஒத்துப்போனது குறைவு.

அவரை அறிந்தவர்களுக்குப் பேச்சியையும் தெரியும்; பள்ளியைக் கூட்டிப் பெருக்குபவள். முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தாள். பக்கத்து அறை வெடித்த நாளில் உயிரோடு வெளியே வந்தவள். அதன்பின் இருட்டினால் வாசலுக்கு வரமாட்டாள். சிவகாசியில் எந்த இரவில் யார் வெடிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

மூன்றாண்டுகளுக்கு முன், டிசம்பர் எரிகல் பொழிவைப் பற்றி நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது, விளக்குமாறோடு நின்று கேட்ட பேச்சி, "சத்தமில்லாமயா விழும்?" என்றாள். அவளுக்கு அதைக் காட்டியே தீருவதென்று டீச்சர் அன்றே முடிவு செய்துவிட்டார்.

உச்ச இரவைக் குறித்துக் கொடுத்தேன். நிலவும் சீக்கிரம் மறைந்துவிடும் என்றேன். அவர் போனை எடுத்து விசாரித்தார். அன்று நாரணாபுரத்தில் கல்யாணம், வாணவேடிக்கை உண்டு. முந்தின இரவு ஒரு கம்பெனியில் புத்தாண்டு ஆர்டருக்குச் சாம்பிள் வெடிக்கிறார்கள்.

"எங்க வாணத்துக்கு லைசன்ஸ் இருக்கு டீச்சர். ஒங்க வாணத்துக்கு இருக்கா?" என்று சிரித்தார் அந்தக் கம்பெனி ஃபோர்மேன்.

"எங்க மொதலாளிகிட்ட கேளுங்க. ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு வந்தா பாக்கலாம்" என்றார் டீச்சர்.

அதற்கும் முந்தின இரவைத் தேர்ந்தெடுத்தார். "அன்றைக்குக் கால்வாசிகூட விழாது" என்றேன்.

"ஒங்க கணக்கு வானத்துக்குச் சரி டீச்சர். அவ ஒரு வெடியக் கேட்டுட்டா, அப்புறம் வெளியவே வரமாட்டா" என்றார் அவர்.

விஸ்வநத்தம் தாண்டி ஒரு கரிசல் காட்டில் பாய் விரித்தோம். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. நான் சொன்னதுதான் நடக்கிறது என்று நினைத்தபோது, தெற்கே ஒன்று நீளமாகக் கீறிக்கொண்டு போனது. பேச்சி இரு காதையும் பொத்திக்கொண்டு குனிந்தாள். டீச்சர் அவளைத் தொடவில்லை, எதுவும் சொல்லவுமில்லை. வெகுநேரம் கழித்துப் பேச்சி தானாகக் கையை எடுத்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்" என்றார் டீச்சர்.

அடுத்ததைப் பார்க்க அவள் மல்லாந்து படுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரும் போனோம்.

துக்க வீட்டில் பேச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே யாரு போன் போட்டுக் கேப்பாக?" என்றாள்.

நான் அவசியமில்லாமல் யாரையும் அழைப்பவள் அல்ல. டீச்சரின் மகனிடம் அவருடைய ஒரு நோட்டை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். கல்யாண மண்டபங்கள், கம்பெனிகள், கோயில் கமிட்டிகள்: எல்லாம் தொலைபேசி எண்கள். நேற்று முதல் எண்ணை, ஒரு பட்டாசுக் கம்பெனியை, அழைத்து, யார் என்பதையும் டீச்சர் இல்லை என்பதையும் சொன்னேன்.

 போனை எடுத்தவர் சொன்னார்: "எந்த ராத்திரின்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். அன்னிக்கு நாங்க வெடிக்கல."