பெறுபேறு வந்த நாளில் உறைந்த கணினி

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில் பதுளை நகரிலே ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் வேலை செய்தேன். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். நிலையத்தில் எல்லாக் கணினிகளுக்கும் மெதுவான ஒரே இணைய இணைப்புத்தான். இணையத்துக்குப் போவதும் அங்கிருந்து வருவதும் எல்லாம் மூலையில் இருந்த ஒரு லினக்ஸ் கணினி வழியாகத்தான். பயில வருகிறவர்கள் பாட்டுகளை இறக்கி இணைப்பை அடைத்துவிடுவார்கள். அதைத் தடுக்க, அந்தக் கணினி முழுவதையும் இயக்கும் மைய நிரலான கர்னலுக்குள்ளேயே ஓடும் சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். இணையத்தில் எல்லாம் பாக்கெட் என்னும் சிறு துண்டுகளாகத்தான் போகும். என் நிரல் ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் பார்த்து, பாட்டை இறக்கக் கேட்டுப் போகிற பாக்கெட் என்றால் நிறுத்திவிடும். பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அடுத்த வாரத்தில் அந்தக் கணினி இரண்டு முறை உறைந்து நின்றது. என் நிரலாக இருக்குமோ என்று எனக்குள் உறுத்தியது. மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும் என்று மற்றவர்கள் சொன்னபோது நானும் தலையாட்டி வைத்தேன்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு இணையத்தில் வந்த அன்று காலை, படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். முதலில் வந்தவர் ஹாலிஎலப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, மகளோடு. மகளின் பரீட்சைச் சுட்டெண்ணைத் தட்டினேன். பக்கம் பாதி வந்து நின்றது. மூலைக் கணினியின் விசைப்பலகையில் விளக்குகள் விட்டுவிட்டு மின்னின; கர்னலே விழுந்ததற்கு அது அடையாளம். சாதாரண நிரலில் பிழை இருந்தால் அந்த நிரல் மட்டும் நிற்கும்; கர்னலுக்குள் பிழை விட்டால் முழுக் கணினியும் விழும். திரும்ப இயக்கினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் விழுந்தது.

“லைன்லதான் கோளாறு. இவங்கள நாளைக்கு வரச் சொல்லுங்க” என்றார் பொறுப்பாளர்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். “நாளைக்கும் வேலைய விட்டுட்டு வரணுமா மிஸ்? இவ நேத்துலருந்து ஒரு வாய் சாப்பிடலங்க.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. “லைன் நல்லாத்தான் இருக்குங்க சேர். நான் எழுதுனதுலதான் தப்பு. எடுத்துட்டா சரியாயிரும்.”

பொறுப்பாளர் மூலைக் கணினியைக் காட்டினார். “அப்ப எடுங்க. பேச்செல்லாம் பொறகு.”

கணினியைத் திரும்ப இயக்கி, என் நிரலை எடுத்தேன். பக்கம் முழுதாக வந்தது.

“பாஸா மிஸ்?” என்று கேட்டார் அந்த அம்மா.

“மூணு பாடமும் பாஸுங்க” என்றேன். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுகை எனக்கும் வந்தது, ஆனால் அடுத்தவர் சுட்டெண்ணை நீட்டிக்கொண்டிருந்தார்.

பொறுப்பாளர் பிறகு திட்டவில்லை. சரிபண்ணிவிட்டுப் போடச் சொன்னார், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் நிலையத்தில் நிரலாக்கம் கற்பித்துக்கொண்டிருந்த, என் வயதுக்காரர் ஒருவர் என் வரிகளை வாசித்தார்.

“பாக்கெட் தன்ர நீளம் இவ்வளவு எண்டு சொல்லுறதை அப்பிடியே நம்பி வாசிக்கிறியள். அவ்வளவும் உண்மையா அந்த இடத்திலை கிடக்குதோ எண்டு பாக்கேல்லையே?”

உண்மைதான். பாக்கெட்டின் மிச்சம் நினைவகத்தில் வேறெங்கோ இருக்கலாம், இல்லாமலே போகலாம். நான் கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவர் இடத்துக்குள் நடந்துகொண்டிருந்தேன். வாசிக்கும் முன் உண்மையான நீளத்தைச் சரிபார்த்தேன். சிதறியிருப்பதை ஒரே இடத்துக்குக் கொண்டுவரும்படி கர்னலிடம் கேட்டேன். ஒரு பழைய கணினியில் போட்டுப் பார்த்தோம். அதுவும் விழுந்தது.

இரண்டு நாள் அந்த வரிகளையே வெறித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிடும்போது பிடிபட்டது. ஒன்றுசேர்க்கும்போது கர்னல் பாக்கெட்டையே வேறிடத்துக்கு நகர்த்திவிடலாம். நான் சேர்ப்பதற்கு முன் வாங்கி வைத்த முகவரியிலேயே தேடிக்கொண்டிருந்தேன். சேர்த்த பிறகு முகவரியைப் புதிதாகக் கேட்டு வாங்க ஒரு வரி போதும். கை கழுவாமலே ஓடிப்போய் எழுதினேன்.

பிறகு அந்த யாழ்ப்பாணத்துக்காரர் இன்னொரு கணினியிலிருந்து குறைந்தது, கிழிந்தது, பொய் நீளம் சொல்வது என்று கெட்ட பாக்கெட்டுகளாக அனுப்பினார். மாலை வரை ஒன்றும் விழவில்லை.

“இனி நிம்மதியா வீட்டை போங்கோ” என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தெமோதரையில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பும் வரை தூங்கினேன்.