விமானத்தில் கேட்ட கடகட சத்தம்

எல்லாரும் முகத்து மாஸ்க்கைக் கழற்றிப்போட்ட வருஷம் அது. எங்கள் மலையில், ஜெகதளாவில் கரடி ஒன்று கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனதும் அதே வருஷம்தான். கீழே கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது.

எங்கள் டீ ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்த தங்கவேல் ஐயாவுக்கு நெஞ்சில் கோளாறு. சென்னைக்குக் கொண்டுபோக அவர் மகன் குட்டி ஜெட் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார். துணைக்கு நான். ஆம்புலன்ஸ் நேராக விமானத்தின் பக்கத்திலேயே போய் நின்றது.

இறங்கியதும் அந்தச் சத்தம்…

கடகட… கடகட…

வால் பக்கம் ஒட்டியிருந்த இன்ஜினின் வாய்க்குள், காற்றடித்து ஃபேன் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நடுக்கூம்பில் வெள்ளைச் சுழி.

எனக்கு எழுத்து தெரியாது. ஃபேன் தெரியும். முப்பது வருஷம் இலை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்று விட்டவன்.

இதே சத்தத்தை ஃபேக்டரியில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். பிளேடு ஆடுகிறது என்று ஐயாவிடம் சொன்னேன்.

"தொட்டி நெறைய இல கெடக்குது பழனி. வாடட்டும், அப்பறம் நிறுத்திக்கலாம்" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். கிரீஸ் வைக்க வந்த ஃபிட்டர் ராமையாவிடமும் சொல்லவில்லை. பிளேடு பிய்த்துக்கொண்டு வந்தது… அவன் இடது கையில் மூன்று விரல் போய்விட்டது.

இங்கே ஸ்ட்ரெச்சரைத் தூக்கப் போனார்கள். குறுக்கே நின்றுவிட்டேன்.

"தூக்காதீங்க! பிளேடு லூசா கெடக்குதுங்க!"

"நேரமில்லீங்க பெரியவரே, நகருங்க" என்றார் டாக்டர்.

ஐயா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினார். "அவன் சொல்றதக் கேளுங்க. நான் ஒருக்கா கேக்காம உட்டுட்டேன்."

மெக்கானிக் வந்தார். சின்னப் பெண். சிரிக்கவில்லை. கையால் ஃபேனை நிறுத்தி, ஒரு பிளேடைப் பிடித்து ஆட்டினார். அடுத்ததை ஆட்டினார். எல்லாமே ஆடின!

"ஏனுங்க, இது ஆடறாப்லயே செஞ்சதுங்க. வேகமெடுத்தா வெளிப்பக்கம் இழுத்துட்டுப் போயி, அடியில கப்புனு இறுகிக்கும்."

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "ஏம்மிணி, இந்தக் காத்தெல்லாம் நெருப்புக்குள்ளயா போகுது?"

"கொஞ்சந்தானுங்க. மிச்சமெல்லாம் சுத்தி வந்து பின்னாடி போகும். தள்ளறதே அதுதானுங்க."

எங்கள் தொட்டியிலும் அப்படித்தான்… அடுப்பின் சூடு கொஞ்சம், வேலை செய்வது ஃபேன் காற்று. இன்னும் ரெண்டு கேள்வி இருந்தது. டாக்டர் முறைத்தார். ஏறிக்கொண்டேன்.

உள்ளே உட்கார்ந்தும் காது வால் பக்கம்தான். கடகட வேகமானது… இன்னும் வேகமானது… சட்டென்று காணோம். ஒரே ரீங்காரம்.

ஐயா என் கையைப் பிடித்தார்.

"பிளேடு ஆடறது நமக்கு முன்னயே தெரியும்னு ராமையாகிட்ட நாமதான் சொல்லோணும் பழனி."

பிழைத்து வந்தார். வந்தும் சொல்லவில்லை, நானும் இழுத்துப் பிடித்துக் கூட்டிப்போகவில்லை. போன மழைக்கு ஐயாவும் போய்விட்டார்.

இப்போதெல்லாம் ஃபேக்டரியில் ஃபேன் அதிர்ந்தாலே மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. யாரும் காது கொடுக்க வேண்டியதில்லை. வாய் திறக்கவும் வேண்டியதில்லை. நல்லதுதான்… அன்றைக்கு எங்களுக்கு இருந்தது காதும் வாயும் மட்டும்தான். காது சரியாகத்தான் வேலை செய்தது.

அந்தத் தொட்டியடியில் நின்ற மூன்று பேரில் என்னைத் தவிர இன்னும் ஒருத்தன் இருக்கிறான். நான் சொல்ல வேண்டியதைக் கேட்க வேண்டியவன்.

தேவர்சோலையில், மகள் வீட்டில்… ராமையா.