அண்ணனா, தம்பியா?

பத்மண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னபோது, நான் ரொம்மன் நிலையத்தில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். மாரடைப்பாம். இரண்டு ரயில்கள் போன பிறகுதான் ஏறினேன்.

உங்களில் பலருக்கு அவரை முகத்தைவிடக் குரலால்தான் தெரியும். ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், பொலிஸில், நோர்வேஜிய மொழி கைகொடுக்காத இடமெல்லாம் உங்களுக்காகக் கதைத்த மொழிபெயர்ப்பாளர் அவர். நானும் அதே வேலைதான். "எங்கடை வாய் வாடகை வாய், பிள்ளை. குடியிருக்கிறவை கதைப்பினம், வீட்டுக்காரன் வாய் திறக்கக்கூடாது" என்பார். வாடகைக்குப் போகாத நேரத்தில் அந்த வாய் பூட்டியே கிடக்கும் என்று அவர் மனைவி பகிடி பண்ணுவார்.

அம்மருட்டில் எங்கள் பெடியன்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து அடிபட்ட காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டம் வைத்துப் புத்தி சொல்லலாம் என்று தகப்பன்மார் கூப்பிட்டார்கள். முதலில் எங்களோடு இருந்து ஒரு படம் பாருங்கள், பிறகு புத்தி சொல்லுங்கள் என்று பெடியன்கள் நிபந்தனை போட்டார்கள். அது ஒரு கொரியப் படம். பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகள் கட்டையும் கத்தியுமாக மோதுகிற படம். கீழே ஓடிய நோர்வேஜிய எழுத்தைத் தகப்பன்மாரால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. பத்மண்ணை மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார்.

அவருக்குச் சிக்கல் கொடுத்தது ஒரு சிறு சொல். படத்தில் பெடியன்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் இடமெல்லாம் 'புரூர்' என்று எழுத்து வந்தது. நோர்வேஜியருக்கு அண்ணனும் புரூர்தான், தம்பியும் புரூர்தான். தமிழனுக்கு அது போதுமா? கத்தி கொடுத்து அனுப்புகிறவனைப் பத்மண்ணை தம்பி என்று சொல்லிவிட்டார். பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் எழும்பி, "ஓங்கிள், குனிஞ்சு கும்பிடுறவன்தான் தம்பி. மற்றவன் அண்ணா. எங்களுக்கும் அப்பிடித்தான்" என்றான். முன்வரிசையில் இருந்த தகப்பன்மார் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. தங்கள் பிள்ளைகள் யாரை அண்ணா என்கிறார்கள் என்று அப்போதுதான் யோசித்தார்கள் போலும். எழும்பிச் சொன்னவனின் தகப்பன் அன்று வரவில்லை. அவருக்கு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை.

அடுத்த மாரிக்குளிரில் அந்தப் பிள்ளையைப் பொலிஸ் பிடித்தது. ஒருவனைக் குத்தியிருந்தான். விசாரணையில் தகப்பன் பக்கத்தில் இருந்தார், அவருக்காகப் பத்மண்ணை. இனி எழுதுவதை அந்தத் தகப்பனே செத்தவீட்டில் எல்லோர் முன்னும் சொன்னார். பத்மண்ணை என்னிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. "எழுதுங்கோ, பேர் மட்டும் போடாதேங்கோ" என்று தகப்பன் கேட்டதால் எழுதுகிறேன்.

கத்தியை யார் தந்தது என்று பொலிஸ்காரர் கேட்டார். பிள்ளை, "புரூர்" என்றான். அந்தச் சொல் தகப்பனுக்கும் தெரியும். ஆனாலும் அவர் பத்மண்ணையின் முகத்தைத்தான் பார்த்தார். பத்மண்ணை விதிப்படி அனுமதி கேட்டு, மூத்தவரா இளையவரா என்று பிள்ளையிடம் விளக்கம் கேட்டார். "வெறும் புரூர்" என்றான் அவன். பத்மண்ணை தமிழில், "சகோதரன்" என்றார். அவன் சொன்னதற்கு மேல் ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பிள்ளைகள், இவன்தான் மூத்தவன். "தம்பியோ?" என்று தகப்பன் கேட்டார். மகன் நிமிரவில்லை. இடையில் கேள்வி கேட்கவேண்டாம் என்று பொலிஸ்காரர் தடுத்தார். அது வீட்டுப் புரூர் இல்லை, கூட்டத்துப் புரூர் என்று பொலிஸ்காரருக்கு விளங்கியது. பிள்ளைக்குத் தெரியும். பத்மண்ணைக்கும் தெரியும். அந்த மேசையில் விளங்காதவர் தகப்பன் ஒருவர்தான்.

அவர் வீட்டுக்குப் போய்ச் சின்னவனை அடித்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளை நானில்லை, நானில்லை என்று கத்தியிருக்கிறான். அந்த மாதமே அவனை லண்டனில் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூத்தவன் சிறையால் வந்துதான், "அது எங்கடை தம்பி இல்லை, அப்பா" என்று சொன்னான். இப்போது தகப்பன் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தால் சின்னவன் கதைப்பதில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவர் என்னைப் பார்த்து, "அண்டைக்கு இந்த மனிசன் அண்ணை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சுவது மாதிரிக் கேட்டார். சொல்லியிருக்கக்கூடாது என்று பதில் சொன்னேன். அது சரியான பதில்தான். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த மாரிக்குப் பிறகு பத்மண்ணை பொலிஸில் மொழிபெயர்க்கப் போகாமல் விட்டதற்கு, வயசு போச்சுது என்று எங்களிடம் காரணம் சொன்னார். நாங்களும் நம்பினோம். எத்தனை வருடம் அதைத் தனியாகச் சுமந்தாரோ.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி. புரூர் என்று யார் சொன்னாலும் நிறுத்தி, மூத்தவரா இளையவரா என்று கேட்கிறேன். சில அதிகாரிகளுக்கு எரிச்சல் வரும். போன கிழமை ஒரு பெடியன் பதில் சொல்லாமல் மேசையையே பார்த்தான். பக்கத்தில் தாய் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "சகோதரன்" என்றேன்.