குங்குமம் வைத்த நான்கு டிஸ்குகள்

சர்வர் ரிப்பேர் செய்பவனிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று எல்லா ஆபீசிலும் தீர்மானம் போட்டு வைத்திருக்கிறார்கள். "ஒண்ணுமே பண்ணல, தானா நின்னுடுச்சு" என்பதைக் கேட்டுக் காது புளித்துப்போன என் இனத்தாரே, கடலூரிலிருந்து நான் அடிக்கடி பஸ் பிடித்து ஓடும் சிதம்பரம் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தின் கதை உங்களுக்காகத்தான்.

பசி நேரத்துப் பிரிண்டர்

தினமும் ஒரு மணிக்குப் பிரிண்டர் யாருக்கும் கிடைக்காது. இரண்டு மணிக்குத் தானே வந்துவிடும். கேபிளை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன். மூன்றாம் நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். எல்லோருக்கும் பிரிண்டர் ஷேர் ஆகியிருந்தது டிசைனர் செல்வியின் கம்ப்யூட்டர் வழியாக. மணி ஒன்றானதும் அதை ஷட்டவுன் செய்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். ஏனம்மா என்றேன். "நான் சாப்புடுறப்ப அது மட்டும் எதுக்கு சார் ஓடணும்?"

பத்து சதவீதம்

கரண்ட் போய் வந்த ஒரு நாள், சர்வர் தன் ஃபைல்களைத் தானே சரிபார்க்க ஆரம்பித்தது. "முடியற வரைக்கும் தொடாதீங்க" என்று போனில் கெஞ்சினேன். சாயங்காலம் போனால் பாதி ஃபோல்டரைக் காணோம். மீட்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. முதலாளி கலியமூர்த்தி நிதானமாகச் சொன்னார்: "பத்து பர்சன்ட்லயே நின்னுச்சு தம்பி, ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போட்டேன். எட்டு தடவ!"

ஆயுத பூசைக்கு மறுநாள்

ஐப்பசி முகூர்த்தங்களுக்கான முப்பது பத்திரிகைகள் உள்ளே, பேக்கப் கிடையாது, சர்வர் எழவில்லை. புவனகிரிக்காரர் ஒருவர் மகள் பத்திரிகைக்காக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சர்வரைத் திறந்தால் சந்தன வாசனை! பூசைக்காக நான்கு டிஸ்கையும் உருவி, துடைத்து, சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்துக் கைக்கு வந்தபடி செருகியிருக்கிறார் கலியமூர்த்தி. நான்கும் சேர்ந்து ஒரே டிஸ்காக வேலை செய்பவை. வரிசை மாறினால் அந்தப் பழைய பெட்டிக்கு ஒன்றுமே புரியாது. எது முதல், எது கடைசி என்று அவருக்கும் நினைவில்லை.

அப்போதுதான் பொட்டுகளைப் பார்த்தேன். ஒன்று நாணயம் அளவு, அடுத்தடுத்தது சிறுத்து, ஒன்று கடுகு அளவு. "குங்குமம் தீந்துக்கினே வந்துச்சு தம்பி, மேலேருந்து ஒண்ணொண்ணா உருவ உருவ வச்சேன்" என்றார். பெரிய பொட்டிலிருந்து சின்னப் பொட்டு வரை வரிசையாகச் செருகி ஆன் செய்தேன். முப்பது கல்யாணமும் திரையில் வந்து நின்றன! சந்தோஷத்தில் நான் குதிக்க, புவனகிரிக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கலியமூர்த்தி சர்வரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்: "பாத்தியா? பூசை போட்டதாலதான் பொழைச்சுது!"

சர்வர் பிழைத்தால் புகழ் சாமிக்கு, படுத்தால் பழி எனக்கு என்பதை ஒப்புக்கொண்டுதான் நான் இந்தத் தொழிலில் காலம் தள்ளுகிறேன்.