பதினான்காம் இலக்கத்தின் குரல்

இருபத்திரண்டு வருடங்களாக அஜந்தாவுக்குப் பிறர் பேச்சைக் கேட்டு எழுதுவதுதான் வேலை. ஒஸ்லோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உள்மருத்துவப் பிரிவில், டாக்குத்தர்மார் சொல்லிப் பதிவுசெய்து வைக்கும் நோயாளர் குறிப்புகளை ரைப் செய்வாள். அதற்கு முன் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் என்ற ஊரில் மீன் வெட்டியவள். எண்பத்தெட்டில், இருபத்தொரு வயதில், திருகோணமலையிலிருந்து வந்து மூன்று குளிர்காலம் மீன் தொழிற்சாலையில் நின்றாள். சொற்களை வாய்க்குள்ளேயே மெல்லுகிற அந்த வடக்குப் பேச்சில் நொர்வேஜிய மொழி பழகியதால், எந்த டாக்குத்தர் எவ்வளவு விரைவாகச் சொன்னாலும் அவள் காதுக்குத் தப்பாது.

போன வருடம் பேச்சை எழுத்தாக்கும் கணினி வந்தது. ஆறு பேர் இருந்த அறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அஜந்தாவை ஓர் ஆய்வுக்குழு இரவல் வாங்கிக்கொண்டது. வார்ட்டிலேயே முழுநேரமும் நின்று வைத்தியம் பார்க்கிற டாக்குத்தர்கள் ஏன் களைத்து விலகிப் போகிறார்கள், அவர்களுடைய வேலையை எப்படி மாற்றினால் நோயாளிக்கும் நல்லது என்பதுதான் ஆய்வு. அவளுடைய பிரிவின் இருபது டாக்குத்தர்கள் மூன்று கிழமைக்கு, வேலை முடிந்ததும் தங்கள் போனில் தனியே பேசிப் பதிவுசெய்ய வேண்டும். பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். கணினி எழுதியதைக் காதால் கேட்டுத் திருத்துவது அஜந்தாவின் பொறுப்பு. குரல் யாருடையதென்று தெரிந்தாலும் தெரியாதவளாக இருக்கவேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினான்காம் இலக்கத்தின் பதிவைத் திறந்தாள். நொர்வேஜிய மொழியில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து நாற்பத்தொரு தரம் போன் அடித்ததாம். ஒரு கிழவருக்கு மருந்துப் பட்டியல் எழுதி முடிப்பதற்குள் ஏழு தரம் எழும்பிப் போகவேண்டி வந்ததாம். சாப்பிடவில்லையாம். பிறகு நீண்ட மூச்சு ஒன்று. அதற்குப் பின்னால் கணினி ஒரு பெண்ணின் பெயரையும் ஏதோ மீனின் பெயரையும் பொருளில்லாத மூன்று சொற்களையும் எழுதி வைத்திருந்தது.

அஜந்தா திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு நான் எழும்பாட்டி நல்லம். ஒருத்தரும் தேடாட்டி இன்னும் நல்லம்."

தமிழ்.

அந்தப் பிரிவில் தமிழ் டாக்குத்தர் ஒருவன்தான். சயூரன். ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில் வளர்ந்த பிள்ளை, முப்பத்துமூன்று வயது. வழியில் கண்டால் "எப்பிடி அன்ரி?" என்று கேட்டுக்கொண்டே ஓடுவான். பதிவின் திகதியைப் பார்த்தாள். புதன்கிழமை. வியாழனுக்குப் பதிவே இல்லை.

வேற்றுமொழி வந்தால் 'விளங்கவில்லை' என்று எழுதவேண்டும் என்பது ஆய்வின் விதி. எழுதினாள். எழுதிவிட்டு அழித்தாள். ஆய்வுத் தலைவி இங்கெபோர்க்குக்குப் போன் எடுத்தாள். மலைக்குடிசைக்குப் போயிருந்தவளின் போன் நின்றுபோயிருந்தது. பிறகு புருசனுக்கு எடுத்தாள். பஸ் ஓட்டும் பாலேந்திரன் அப்போது இடைவேளையில் இருந்தான்.

"ஒண்டு காதிலை விழுந்திட்டுது. வெளியிலை சொல்லக்கூடாத விசயம்."

"அப்ப எனக்கும் சொல்லாதையும். கையெழுத்து வைச்சனீரெல்லே. பென்சனுக்கு இன்னும் பத்து வருசம் கிடக்கு."

"அந்த ஆளுக்கு ஏதும் நடந்திட்டால்?"

"பிறகேன் எனக்கு எடுத்துக்கொண்டு நிக்கிறீர்? போம்."

லிப்டுக்குக் காத்திராமல் இரண்டு மாடி ஏறினாள். டாக்குத்தர்களின் அறையில் சயூரனின் ஜாக்கெட் கதிரையில் தொங்கியது. மேசையில் அன்றைய கடமை டாக்குத்தருக்கான வாக்ட் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. பத்து நிமிசமாக அவனைத் தேடுவதாக ஒரு தாதி சொல்லிவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அஜந்தா கழிப்பறைக் கதவைத் தட்டினாள். மருந்தறையை எட்டிப் பார்த்தாள். கடைசியில், நோயாளியின் உறவினர்களை இருத்திக் கதைக்கும் சின்ன அறைக்குள் அவன் இருந்தான். சப்பாத்துகளைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தான். அந்த ஒழுங்கைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அன்ரி? ஆருக்கும் சுகமில்லையோ?"

"தம்பி, உங்கடை பதிவை நான்தான் கேட்டுத் திருத்துறனான்."

அவன் முகம் வெளுத்தது. "அது பெயரில்லாத பதிவு."

"ஓம்."

"தமிழிலை சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது எண்டுதான் சொன்னனான்."

"எனக்கு விளங்கிச்சுது."

"நீங்கள் கையெழுத்து வைச்சிருப்பீங்கள்." குரல் உயரவில்லை, ஆனால் கோபம் தெரிந்தது. "அம்மாவுக்கு?"

"சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்." அவனுக்கு எதிரே குந்தினாள். சுற்றிவளைக்க அவளுக்குத் தெரியவில்லை. "உயிரை விடுற யோசனையோ, தம்பி?"

வெளியே யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவன் உடம்பு தன்பாட்டில் எழும்பப் பார்த்து, திரும்ப அமர்ந்தது.

"தெரியாது," என்றான். "முந்தநாள் ஒரு மருந்தைப் பத்து மடங்காய் எழுதிப்போட்டன். தாதி கண்டிட்டா. அந்தாளுக்கு ஒண்டும் நடக்கேல்லை. அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது, அன்ரி."

"ஆன்ட்ரியாஸைக் கூப்பிடட்டே?"

ஆன்ட்ரியாஸ் அந்தப் பிரிவின் தலைமை டாக்குத்தர். சயூரன் சப்பாத்துகளை எடுத்து மாட்டினான். பிறகு ஓமென்று தலையை ஆட்டினான். அவனைத் தனியே விட்டுப் போக அவளுக்குத் துணிவில்லை. கதவைத் திறந்து, வழியால் போன ஒரு தாதியிடம் சொல்லி அனுப்பினாள். ஆன்ட்ரியாஸ் வந்தான், நின்றபடி கேட்டான், பிறகு தானும் அமர்ந்தான். அன்றைய வாக்ட் கடமையைத் தானே எடுத்துக்கொண்டு, பின்னேரமே சயூரனை மனநல அவசரப் பிரிவுக்கு ஒருவரோடு அனுப்பிவைத்தான்.

திங்கட்கிழமை இங்கெபோர்க் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தாள்.

"நீ செய்தது சரி. ஆனால் இதை நான் மேலே அறிவிக்கத்தான் வேண்டும். இனி உன்னை இந்த ஆய்வில் வைத்திருக்க முடியாது."

பதினான்காம் இலக்கம் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. டாக்குத்தர்கள் சொல்வதை அன்றன்றே ஒருவர் கேட்கவேண்டும் என்றும், இப்படி ஒரு சொல் வந்தால் யாரை அழைப்பதென்றும் விதியில் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். அஜந்தா பழைய அறைக்குத் திரும்பினாள். வேலை போகவில்லை.

சயூரன் ஐந்து மாதம் கழித்து அரைநேர வேலைக்கு வந்தான். வழியில் அவளைக் கண்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவான். அது அவளுக்கு நொந்தது. தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அறை அவனுக்கு நினைவு வரும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கோடையில் கோயிலில் அவனுடைய தாய் பூமணி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியை விட்டிட்டுக் குடும்ப டாக்குத்தராய்ப் போறானாம். ஏனெண்டு கேட்டால் வாய் திறக்கிறானில்லை. நீங்கள் அங்கைதானே வேலை, ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?"

"இல்லையக்கா," என்றாள் அஜந்தா. கொஞ்சம் பொறுத்து, "வடிவாய்ச் சாப்பிடுறாரோ?" என்று கேட்டாள்.

"இப்ப சாப்பிடுறான். நித்திரையும் கொள்ளுறான்."

"பிறகென்ன, விடுங்கோ," என்று சொல்லிவிட்டு அன்னதான வரிசையில் தனக்கு முன்னால் பூமணிக்கு இடம் விட்டாள்.