பக்கவாட்டில் வந்த பாத்திரம்

தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தின் கடைசிப் படியில்தான் முதன்முதலாக விழுந்தேன். காலை ஏழரை மணி. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. முழங்கால் சிராய்ந்து, பையிலிருந்த ஒன்பதாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்கள் படியெங்கும் சிதறின.

கீழே கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் சிரித்தார். “இன்னா சார், காலங்காத்தாலயே ஊத்திகினு வந்துட்டியா?”

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் அவரை அதட்டினாள். “சும்மா கெட. வாத்தியாரு மாதிரி கீறாரு.”

“வாத்தியாருன்னா குடிக்க மாட்டாரா?”

நான் வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவன், குனிந்து தாள்களைப் பொறுக்கத் தொடங்கினேன். அதே கேள்வியை, அதைவிடக் கொடூரமான சொற்களில், நான் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் என் தகப்பனார்.

அந்த மாதத்தில் இன்னும் இரண்டு முறை தடுக்கினேன். வகுப்பறைக் கதவின் ஓரத்தில் தோளை இடித்துக்கொண்டேன். என் மனைவி, “என்னங்க, பக்கத்துல நிக்கிறேன், பாக்காம போறீங்களே” என்று குறைப்பட்டாள். புத்தகம் படிக்க எந்தச் சிரமமும் இல்லாததால் கண்ணில் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: நேரே இருப்பது கடைசிவரை தெளிவாகத் தெரியும். ஓரங்கள்தான் முதலில் போகும்.

கண் மருத்துவமனையில் எனக்குப் பார்வைப் பரப்புச் சோதனை (கண்ணை அசைக்காமல் நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) செய்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைத்து, எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். நெடுநேரம் எதுவும் தெரியவில்லை. இத்தனை நேரம் ஒன்றுமே வராமல் இருக்காது என்று கணக்குப் போட்டு, ஊகமாக அமுக்கத் தொடங்கினேன்.

டாக்டர் அம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், வெளிச்சம் வராதப்பகூட அமுக்கியிருக்கீங்க.”

“கை தவறியிருக்கும்மா.”

“பதினோரு தடவையா? மெஷின் அதையும் எண்ணும் சார். இது பரீட்சை இல்ல. தெரியலைன்னா சும்மா விட்டுடுங்க.”

மறுபடி உட்கார்ந்தேன். இம்முறை உண்மையாக அமுக்கினேன். இரு கண்களிலும் நடுவில் மட்டும் ஒரு சிறு வட்டம் மிஞ்சியிருந்தது. கிளாக்கோமா (கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி, பார்வை நரம்பு மெல்ல நசிந்துபோகும் நோய்) என்றார். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தும், தேவைப்பட்டால் அறுவையும், இருப்பதைக் காப்பாற்றும்.

பிறகு கேட்டார். “வீட்ல யாருக்காவது கண் போயிருக்கா? அப்பா, அம்மா?”

“இல்லம்மா” என்றேன்.

இந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னது இது இரண்டாம் முறை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் படிக்கும் கண்ணாடி வாங்கப் போனபோதும் ஒரு மருத்துவர் இதையே கேட்டார். அப்போதும் இல்லை என்றேன். ஆமாம் என்றிருந்தால் அன்றே அழுத்தத்தை அளந்து பார்த்திருப்பார்.

“கூடப் பிறந்தவங்க?”

“ஒரு தங்கச்சி.”

“கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல தொடர்ந்து வரும். வலி இருக்காது, அதான் ஆபத்து. முத்தினப்புறம் சில பேர் வந்து, குழாய்க்குள்ள பாக்கிற மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. அப்ப நாங்க செய்யக்கூடியது ரொம்பக் கம்மி.”

குழாய்க்குள் பார்க்கிற மாதிரி. அந்தச் சொற்களை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

என் தகப்பனார் ரயில்வேயில் பிட்டராக இருந்தார். நல்ல தொழிலாளி, பெருங்குடிகாரர். என் தாயை அவர் அடித்ததை நாங்கள் இருவரும் பார்த்து வளர்ந்தோம். இதை மறைத்து அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆனால் தாய் இறந்த பிறகு அவர் குடியை விட்டார். விட்டதாகச் சொன்னார். என் தங்கை ஞானம் நம்பினாள். நான் நம்பவில்லை. அவர் நடக்கும்போது தள்ளாடினார். வாசற்காலில் இடித்துக்கொண்டார். எதிரே வைத்த தம்ளரைத் தட்டிவிட்டார். எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

“தேவா, குழாய்க்குள்ள பாக்குற மாதிரி இருக்குடா” என்று ஒருமுறை சொன்னார்.

“குடிச்சா அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, திருவிருந்து ஆராதனை (அப்பமும் திராட்சரசமும் பகிரும் வழிபாடு). பீடத்தின் முன் கிராதியை ஒட்டி எல்லாரும் முழங்காலில் இருந்தோம். ஆயர் திராட்சரசப் பாத்திரத்தை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். பாத்திரம் பக்கவாட்டிலிருந்து வந்ததால் அப்பா அதைக் காணவில்லை. உதட்டருகே ஏதோ பட்டதும் திடுக்கிட்டுக் கையை உயர்த்தினார். ரசம் ஆயரின் வெள்ளை அங்கியிலும் அப்பாவின் சட்டையிலும் கொட்டியது.

அவர் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். “ஆண்டவர் பந்திக்கே குடிச்சுட்டு வந்தீங்களா?”

“பக்கத்துல வந்தது தெரியலடா.”

“வாயத் திறக்காதீங்க. நாறுது.”

நாறியது நாங்கள் கொடுத்த ரசம்தான். அது எனக்குப் பத்து ஆண்டுகள் கழித்தே உறைத்தது.

அப்போது நான் சபைக் குழுவின் செயலர். மதுவருந்திய நிலையில் திருவிருந்துக்கு வந்தமையால், மனந்திரும்புதலுக்கு அடையாளம் காணும்வரை அவரைப் பந்தியிலிருந்து விலக்கி வைப்பது என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். குறிப்பேட்டில் அழகான கையெழுத்தில் எழுதியவனும் நான். மகனே முன்மொழிந்ததால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. என் நேர்மையைப் பாராட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஞானம் அப்பாவைப் பம்மலுக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவள் கணவர் அங்கே தோல் தொழிற்சாலையில் மேஸ்திரி. அப்பா ஞாயிறுதோறும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆராதனைக்கு வந்தார். எல்லாரும் பீடத்துக்குப் போகும்போது கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். மூன்று ஆண்டுகள். ஒருமுறை ஆயர் என்னிடம், “பெரியவரைச் சேர்த்துக்கலாமே?” என்றார். “இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் ஐயா” என்றேன். அந்தக் கொஞ்ச நாளில் அவர் முழுக் குருடானார். பிறகு இறந்தார். குடித்த பாவத்துக்குக் கர்த்தர் கண்ணைப் பிடுங்கினார் என்று அடக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன்.

இப்போது புரிந்திருக்கும். டாக்டர் கூட்டிவரச் சொன்ன தங்கையிடம் நோயைச் சொன்னால், அப்பாவையும் சொல்ல வேண்டும். ஏழு மாதம் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை அழுத்தம் பார்க்கப் போகும்போதும் டாக்டர் அம்மா கேட்பார்: “தங்கச்சி வரலியா?” ஊருக்குப் போயிருக்கிறாள் என்பேன். பம்மல் என் வீட்டிலிருந்து ஒரு பேருந்து தூரம்.

அந்த நாட்களில் நோயைவிட என்னை வதைத்தது ஒரு வழக்கம். எங்கள் சபையில் டிசம்பர் மாதம் ஆண்டவரின் வம்ச வரலாற்றை (வேதத்தில் வரும் அவருடைய முன்னோர் பெயர்ப் பட்டியல்) வாசிப்பது என் பொறுப்பு. கடினமான பெயர்களைத் தடுமாறாமல் வாசிப்பேன் என்று எனக்கே தருவார்கள். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல வாசித்துவிட்டு உட்கார்வேன். அந்த ஆண்டு சிறு வட்டத்துக்குள் ஒவ்வொரு பெயராகத் தேடித் தேடி வாசித்தபோதுதான் அது யாருடைய பட்டியல் என்று பார்த்தேன். மாமனாரிடம் பிள்ளை பெற்றவள் அதில் இருக்கிறாள். விலைமகள் என்று ஊர் சொன்னவள் இருக்கிறாள். பிறன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவள் கணவனைக் கொல்லக் கொடுத்த அரசன் இருக்கிறான். ஒருவரையும் விடவில்லை.

சபையின் பொன்விழா மலருக்கு எங்கள் குடும்ப வரலாற்றை எழுதிக் கொடுத்தவன் நான். உபதேசியாராக இருந்த முப்பாட்டனாருக்கு அரைப் பக்கம். இரண்டு குடும்பம் வைத்திருந்த தாத்தாவுக்கு ஒரு குடும்பம். அப்பாவுக்கு, “ரயில்வேயில் பணியாற்றினார்.” அவ்வளவுதான். கர்த்தர் தம் குமாரனுக்குச் செய்யாத திருத்தத்தை நான் எனக்குச் செய்துகொண்டேன்.

இப்படி உணர்ந்த பிறகும் நான் பம்மலுக்குப் போகவில்லை. உணர்வது வேறு, போவது வேறு.

பொங்கல் கழிந்து ஒரு மாலை ஞானமே வந்தாள். இடது கையில் கட்டு.

“என்னம்மா இது?”

“சைக்கிள்காரன் இடிச்சுட்டான் அண்ணா. எங்கேர்ந்து வந்தான்னே தெரியல. அவன் என்னடான்னா, ‘பெல் அடிச்சுகினேதான் வரேன், மகாராணி மாதிரி நடுவுல போறியே’ங்கறான். மகாராணின்னானே, அதுக்காக விட்டுட்டேன்.”

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தான் என்று கேட்டேன். இடது பக்கம் என்றாள். அந்தப் பக்கமாக என் கையை நீட்டி, தெரிகிறதா என்றேன். “எது?” என்றாள்.

மறுநாள் காலை அவளை அழைத்துப் போனேன். இடது கண் பாதிக்கு மேல் போயிருந்தது. வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம், அதைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அவள் எதிரிலேயே அப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நான் பாக்காத கண்ணுக்கு உறுதியா சொல்ல முடியாது சார். ஆனா நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா, அவருக்கும் இதேதான். ஏழு மாசத்துக்கு முன்னாடி, முதல் நாளே கேட்டேனே?”

“கேட்டீங்கம்மா.”

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் ஞானத்தோடு உட்கார்ந்தேன். கண்ணில் விட்ட மருந்தால் அவளுக்கு எல்லாம் மங்கலாக இருந்தது. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே கேட்டாள்.

“ஏழு மாசமாத் தெரியும், இல்ல?”

“ஆமா.”

“என் கண்ணுக்காகக் கேக்கல அண்ணா. அது என் விதி, உன் புத்தி, ஏதோ ஒண்ணு. அப்பா குடிக்கலன்னு ஏழு மாசத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? நான் ஒருத்திதானே அதுக்காகக் காத்துகிட்டிருந்தேன்.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எழுந்து, “வா, பஸ் வருது. நம்பரை நீ பாரு, ஓரத்துல யார் வர்றாங்கன்னு நான் பாக்கறேன்” என்றாள்.

புதிதாக வந்திருந்த இளம் ஆயரிடம் போய், பழைய தீர்மானத்தை நீக்க வேண்டும் என்றேன். அவர் குறிப்பேட்டை எடுத்துப் படித்தார். “இறந்தவரைத் திரும்பச் சேர்க்கச் சட்டத்துல வழி இல்லைங்க ஐயா. தப்பா எழுதினவர் திருத்தி எழுத வழி இருக்கு” என்றார். எழுத வேண்டிய கோடு என் சிறு வட்டத்துக்குள் அகப்படவில்லை. இப்போதைய செயலர் என் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தார். என் தகப்பனார் அன்று குடித்திருக்கவில்லை, நோயுற்றிருந்தார், அவர்மேல் பொய்க் குற்றம் சாட்டியவன் நான் என்று எழுதினேன். கையெழுத்து கோணலாக வந்தது. அடுத்த ஞாயிறு அதைச் சபையின் முன் மனப்பாடமாகச் சொன்னேன். யாரும் பாராட்டவில்லை.

அதன் பிறகு எனக்கு இரண்டு அறுவைகள் (கண்ணுள் நீர் வடிய ஒரு சிறு வழி திறப்பது) நடந்தன. வட்டம் இன்னும் கொஞ்சம் சுருங்கி, அதோடு நின்றிருக்கிறது. எட்டு ஆண்டுகளாக என் நாள் காலைச் சொட்டுக்கும் மாலைச் சொட்டுக்கும் இடையில் இருக்கிறது. ஒரு சொட்டு தவறினால் அந்த நாளைத் திரும்ப வாங்க முடியாது. அறைக்குள் நுழைந்தால் தலையை மெல்ல இருபுறமும் திருப்புகிறேன். அப்பா அப்படித் திருப்புவார். பார்ப்பவர்களுக்கு அது போதையில் ஆடுவதுபோல இருக்கும். அவர் உடம்புக்குள் நான் குடிவந்து, அவர் பார்த்த உலகத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரே வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது உண்டா என்று மருத்துவர் கேட்டால், இருப்பதைச் சொல்லுங்கள். உங்கள் பெருமைக்காக நீங்கள் மறைப்பது இன்னொருவர் கண்ணாக இருக்கலாம்.

திருவிருந்தில் ஞானம் எப்போதும் என் வலப்பக்கம் முழங்காலிடுவாள். பாத்திரம் அந்தப் பக்கமிருந்துதான் வரும். நான் அதைக் காண்பதில்லை. எனக்கு முன்னே தெரிவது பீடத்துத் துணியின் ஒரு கையகல வெண்மை மட்டும். அவள் குடித்து முடித்ததும் முழங்கையால் என்னை இலேசாக இடித்து, “வருது அண்ணா” என்பாள். நான் அசையாமல் வாயைத் திறந்து காத்திருப்பேன்.