இரண்டு மூடி லோஷன்

பாப்பாயி நர்சம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் நெல் அவித்தவரின் மகள். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஸ்ரீரங்கத்தில் சின்னதாக இருந்த ஒரு பிரசவ விடுதியில் அவள் போட்டதுதான் சட்டம். "மூணாவதும் பொட்டப்புள்ளையா?" என்று முகத்தைச் சுளித்த ஒரு தகப்பனிடம், "ரிஜிஸ்தர்ல ஏத்தியாச்சுங்க. மாத்திக் குடுக்கிற வழக்கம் இங்க இல்ல" என்று சொல்லிப் பிள்ளையை அவர் கையில் திணித்தவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் ஊரெல்லாம் காலரா பயம். கிருமி என்றால் என்னவென்று சனங்களுக்குச் சொல்ல, பாப்பாயி தன் கையாலேயே ஒரு படம் வரைந்தாள். இரண்டு கொம்பு, நாலு கோரைப்பல், ஒரு வால். அதை அட்டையில் ஒட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். "கிருமின்னாலே எமன்தான். நல்லது கெட்டதுன்னு அதுல கிடையாது. எங்க இருந்தாலும் லோஷனைப் போட்டுக் கொல்லுங்க!" என்று முழங்கினாள்.

அந்தப் பேச்சை ஊரில் பாதிப்பேர் மறுநாளே மறந்துவிட்டார்கள். மறக்காத ஒரே ஆள் அடையவளஞ்சான் தெரு வேலம்மாள். நாலு எருமை வைத்துத் தயிர் விற்பவள். அவள் தயிரைக் கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். அன்று முதல் அவள் வீட்டில் மாட்டுக் கொட்டகையிலிருந்து சாமி மாடம் வரை, ஆஸ்பத்திரியில் தரை கழுவுகிற அந்த லோஷன் வாசனைதான். தயிர்ப் பானைகளை மட்டும் சாம்பலும் வைக்கோலும் போட்டுத் தேய்ப்பாள். அது அவள் மாமியார் காலத்து வழக்கம், அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

அறுபத்து மூன்றில் வேலம்மாளின் மருமகள் வள்ளிக்கண்ணு, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விடுதிக்கு வந்து நின்றாள். கல்யாணமாகி ஏழு மாதம். அவளும் மண்ணச்சநல்லூர்க்காரிதான்.

"ஒண்ணுக்குப் போனா நெருப்பா எரியுதுக்கா. வெள்ளையும் படுது. மூணு தரம் ஊசி போட்டாங்க. நிக்குது, திரும்ப வந்துடுது. பொறந்த வீட்டுலேருந்தே சீக்கோட வந்தவன்னு அத்தை சொல்றாங்க. வெள்ளிக்கிழமை அப்பாவை வரச் சொல்லியிருக்காங்க, என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி."

"ஒன் வீட்டுக்காரரு தர்மராஜ் என்ன சொல்றாரு?"

"அவுங்க அம்மாவைப் பாப்பாங்க. அப்புறம் தரையைப் பாப்பாங்க. எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சிங்கக்கா. நான் திரும்பிப் போனா அதுங்களை யாரு கட்டிப்பா?"

மறுநாள் செவ்வாய்க்கிழமை, பாப்பாயி பிரசவத்துக்கு முன்னால் சோதனை என்று ஏதோ புளுகி, அவளைப் பாலக்கரை டாக்டர் மஜீதாவிடம் அழைத்துப் போனாள். பிரசவமா என்று வேலம்மாள் வாயைத் திறப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

டாக்டர் இரண்டு கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். முதலாவது, நோயில்லாத வேறொரு பெண்ணுடையது. அதில் குச்சி குச்சியாக நிறையக் கிருமிகள்.

"இதெல்லாம் நல்ல கிருமி, பாப்பாயி. தயிர்ல இருக்கே, அதுக்குப் பங்காளி. பொம்பளைங்க உடம்புல அந்த இடத்துல குடியிருக்கு. புளிப்பை உண்டாக்குது. அதோட வேற சில சரக்கையும் சுரக்குதுன்னு இப்ப கண்டுபிடிச்சிட்டு வர்றாங்க. அந்தச் சரக்கு பட்டா நோய்க்கிருமி தலையெடுக்காது. இப்ப வள்ளியோடதைப் பாருங்க."

இரண்டாவதில் ஒரு குச்சியைக்கூடக் காணோம். வேறு என்னென்னவோ மொய்த்துக் கிடந்தன.

"காவல் இல்லாத வீடு. நான் மருந்து தர்றேன். ஆனா காவலை விரட்டுறது எதுன்னு தெரியணும். வள்ளி, நீ எதைப் போட்டுக் கழுவுறேம்மா?"

"லோஷன், டாக்டர். ரெண்டு வேளை. உள்ளாரயும் ஊத்திக் கழுவணும்னு அத்தை உத்தரவு."

"எந்தப் புண்ணியவான் சொல்லிக் குடுத்தது?" என்று குதித்தாள் பாப்பாயி.

வள்ளிக்கண்ணு தயங்கினாள். "நீங்கதான் சொன்னீங்களாம்க்கா. படமெல்லாம் காட்டி."

பாப்பாயி வாயடைத்துப் போனது அவள் சர்வீசிலேயே அன்று ஒருநாள்தான்.

அன்று சாயங்காலமே வேலம்மாள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். வேலம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்ல கிருமியா! கொம்பு வரைஞ்சு காட்டுனது யாரு, நர்சம்மா? எட்டு வருசமா உங்க பேச்சைக் கேட்டு நடக்குறேன். இன்னிக்கு வந்து மாத்திப் பேசுறீங்களே. அந்தப் பொண்ணு அழுது உங்களை மயக்கிட்டா. வெள்ளிக்கிழமை அவ கெளம்புறா, அவ்வளவுதான்."

அட்டையில் இருந்த கொம்பு பாப்பாயி போட்ட கொம்பு.

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம், வேலம்மாள் பானைகளில் உறை ஊற்றிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனாள். வள்ளியைப் பார்க்க வந்த சாக்கில் பாப்பாயி அடுப்படியில் நுழைந்தாள். விற்கிற பானைகளைத் தொடவில்லை, அந்த மட்டும் மனசாட்சி இருந்தது. வீட்டுப் பானையில் மட்டும் இரண்டு மூடி லோஷனை ஊற்றிக் கலக்கிவிட்டு, மாடத்து முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை வள்ளியின் அப்பா காத்தமுத்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மகளின் டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. அனுப்புவதானாலும் சம்பந்தியை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று வேலம்மாள் பழைய சோறு பிழிந்து வைத்து, தயிர்ப் பானையைத் திறந்தாள்.

தயிர் இல்லை. தண்ணீராகப் பால் ஆடியது.

"உறை ஊத்துனேனே! முப்பது வருசத்துல ஒருநாள் தவறுனதில்லையே! எந்தப் பாவி கண்ணு பட்டுச்சு?"

கொல்லைக் கதவு வழியாக வந்து நின்றிருந்தாள் பாப்பாயி. "கண்ணு இல்லக்கா, கை. என் கைதான். அதுல உங்க லோஷன் ரெண்டு மூடி ஊத்துனேன். யாரும் குடிச்சிடாதீங்க, கொட்டிடுங்க."

வேலம்மாளின் கை கரண்டியைத் தேடியது. பாப்பாயி நகரவில்லை.

"அடிக்கிறதுன்னா அடிங்க. ஒரு பானை, ஒரு பொழுது, உறையே செத்துப் போச்சு. அந்தப் பொண்ணுக்கு ஏழு மாசமா ரெண்டு வேளை ஊத்த வச்சிருக்கீங்க. அவ உடம்புல இருந்த உறை என்னக்கா ஆகும்? தப்பு உங்க மேல இல்ல. கொம்பு வரைஞ்ச கழுதை நான்தான்."

வேலம்மாள் பானையைப் பார்த்தாள். அலமாரியில் இருந்த லோஷன் பாட்டிலைப் பார்த்தாள். கதவோரம், அழுது வீங்கிய முகத்தோடு நின்ற மருமகளை வெகுநேரம் பார்த்தாள். தயிரைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

விற்பனைக்கு வைத்திருந்த பானை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். கத்தியால் ஒரு துண்டு வெட்டிக் காத்தமுத்துவின் சோற்றில் போட்டாள்.

"எதுக்கு அவசரமா வரச் சொன்னீங்க, சம்பந்தி?" என்றார் அவர், வாசல் பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"இந்தத் தயிரைச் சாப்பிடத்தான்" என்றாள் வேலம்மாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "வள்ளி, அந்தப் பெட்டியை எடுத்து உள்ள வையி. போற வர்றவங்க காலுல இடிக்குது."